தாய்மார் மரணக் கணக்கு: டாக்டர் ஸெம்மல்வைஸ் சரித்திரம்

பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோனால், அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் அந்த மரணத்தை ராஜாங்கத்துக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நியாயமா? நியாயம் என்பதே நமது அபிப்பிராயம். ஆட்சேபிப்பவர்களும் இல்லாமலில்லை. வைத்தியர்கள்மீது வீண் சந்தேகம் விழும் என்பது ஓர் ஆட்சேபம். ஆஸ்பத்திரியின் பெயர் கெடும் என்பது மற்றொன்று. நமூனாக்கள் பெருகுமேயன்றிப் போன உயிர் திரும்புமா என்பது மூன்றாவது. இவற்றுக்குத் தர்க்கத்தால் விடை சொல்வதைக் காட்டிலும் ஒரு மனிதருடைய சரித்திரத்தால் விடை சொல்வது மேலென்று தோன்றுகிறது. அவர் ஹங்கேரி தேசத்து வைத்தியரான இக்னாஸ் ஸெம்மல்வைஸ். வைத்தியர்களுக்குக் கைகழுவக் கற்பித்தவர் என்ற அளவில் அவர் பெயரை நேயர்களில் பலர் கேட்டிருப்பார்கள். கைகழுவச் சொல்வதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. இறந்த தாய்மாரின் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இது ஏன் என்று கேட்டார். அக்கேள்வி அவரை என்ன பாடுபடுத்தியது என்பதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

அவர் 1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி பூடா நகரில் தாபான் என்னும் பேட்டையில் பிறந்தார். தகப்பனார் மளிகை வியாபாரி; வசதியான குடும்பம். ஹங்கேரி அக்காலத்தில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. கல்வி, உத்தியோகம், கீர்த்தி எல்லாவற்றுக்கும் ஹங்கேரிய இளைஞன் வியன்னாவையே நோக்கவேண்டியிருந்தது. ஸெம்மல்வைஸும் 1837-ல் வியன்னா சர்வகலாசாலைக்குப் போனார். போனது வைத்தியம் கற்க அன்று, சட்டம் கற்க. அடுத்த ஆண்டிலேயே சட்டத்தை விட்டு வைத்தியத்துக்கு மாறிவிட்டார். வக்கீல் தொழிலுக்கு நஷ்டந்தான். ஆயினும் சாட்சியங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் சுபாவம் அவரை விட்டுப் போகவில்லை என்பதைப் பின்னால் காண்போம். 1844-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி ஏற்பட்டதும், அதாவது இன்று எழும்பூரில் உள்ள ஆஸ்பத்திரியின் ஆரம்பமும், அதே ஆண்டில்தான்.

1846 ஜூலையில் வியன்னா ஜெனரல் ஆஸ்பத்திரியின் பிரசவ சாலையில் பேராசிரியர் கிளைன் என்பவருக்கு உதவி வைத்தியராக நியமனம் பெற்றார். அந்தப் பிரசவ சாலை ஐரோப்பாவிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஏழைப் பெண்களும், கணவனில்லாமல் கருவுற்று ஊரார் வாய்க்கு அஞ்சியவர்களும் அங்கு வருவார்கள். அவர்களுக்குக் கட்டணமில்லை, அதற்கு ஈடாக மாணவர்கள் அவர்களைச் சோதித்துப் பிரசவ சாஸ்திரம் கற்றுக்கொள்வார்கள். சாலை இரண்டு பிரிவாக இருந்தது. 1840 முதல், முதற் பிரிவில் வைத்திய மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சி வேலை கற்கும் பெண்களும் பயிற்சி பெற்றார்கள். கர்ப்பிணிகளை ஒரு நாள் ஒரு பிரிவிலும் மறு நாள் மற்றொரு பிரிவிலுமாக முறை வைத்துச் சேர்த்தார்கள். ஆகவே எந்தப் பிரிவுக்கு எவள் போவாள் என்பதை அவள் வந்து சேரும் நாளே தீர்மானித்தது. ஜாதியுமில்லை, செல்வமுமில்லை, தேகபலமுமில்லை. ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே உணவு.

இருந்தும் முதற் பிரிவில் தாய்மார் ஈசல்போல் மாண்டார்கள். 1841 முதல் 1846 முடிய ஆறு ஆண்டுகளில் அப்பிரிவில் பிரசவித்தவர்கள் 20,042 பேர். இறந்தவர்கள் 1,989 பேர். அதாவது 100-க்குப் பத்துப் பேர். மருத்துவச்சிகளின் பிரிவில் 17,791 பேரில் 691 பேர்; 100-க்கு நால்வருக்கும் குறைவு. 1842-ஆம் ஆண்டில் மாத்திரம் முதற் பிரிவில் 518 பேர் உயிரிழந்தனர். பிரசவ ஜுரம் என்றும் பிரசவ ஜன்னி என்றும் சொல்லும் நோயே காரணம். பிள்ளை பெற்ற இரண்டொரு நாளில் குளிர் கண்டு, ஜுரம் ஏறி, வயிறு உப்பி, தாங்கொணா வேதனையுடன் சில தினங்களில் உயிர் போகும்.

இந்தக் கணக்கை ஸெம்மல்வைஸ் இரகசியமாகத் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்பத்திரி ஏடுகளிலேயே மாதவாரியாக அது எழுதப்பட்டிருந்தது. ஊரிலுள்ள ஏழைப் பெண்களும் அதை அறிந்திருந்தார்கள். முதற் பிரிவின் முறைநாளில் வந்து சேர்ந்துவிட்ட கர்ப்பிணிகள், தங்களை அங்கே அனுப்பவேண்டாமென்று மண்டியிட்டுக் கைகூப்பிக் கெஞ்சுவார்கள் என்று ஸெம்மல்வைஸே எழுதிவைத்திருக்கிறார். வழியில் தெருவிலேயே பிரசவித்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு அந்த ஜுரம் அபூர்வமாகவே கண்டது. தெருப்புழுதி காப்பாற்றிய தாயைச் சாஸ்திரம் பயின்ற கைகள் காப்பாற்றவில்லை! எழுத்தறியாத பெண்கள் தெரிந்துகொண்டிருந்த உண்மை, ஏட்டையே கையில் வைத்திருந்த பேராசிரியர்களுக்கு ஏன் தெரியவில்லை? தெரியாமலில்லை. அந்த ஏட்டுக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை அவர்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

விசாரணைகள் நடக்காமலும் இல்லை. கமிஷன்கள் கூடின. ஆகாயத்தில் பரவும் ஏதோ விஷக்காற்று என்றது ஒரு கட்சி. ஒரே ஆகாயத்தின் கீழ் ஒரு பிரிவில் மாத்திரம் விஷக்காற்று வீசுவதெப்படி? ஜன நெருக்கம் என்றது மற்றொன்று. பெண்கள் பயந்து ஓடியதால் நெருக்கம் அதிகமாயிருந்தது இரண்டாம் பிரிவில்தான். வெட்கமும் பயமுமே காரணம் என்றவர்களும் உண்டு. கடைசியாக ஒரு கமிஷன், மாணவர்கள் முரட்டுத்தனமாகச் சோதிப்பதே காரணம், அதிலும் அந்நிய தேசத்து மாணவர்களே மிகவும் முரடர்கள் என்று முடிவு கட்டிற்று. மாணவர் தொகை 42-லிருந்து 20-ஆகக் குறைக்கப்பட்டது. அந்நியர்கள் அநேகமாக விலக்கப்பட்டார்கள். மரணம் சில மாதம் குறைந்து, பிறகு முன்னைவிட உயர்ந்தது. குற்றத்தை வெளியூரான் தலையில் சுமத்தும் வழக்கம் ஏகாதிபத்தியத் தலைநகரங்களுக்குப் புதிதன்று என்பதை நமது நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஏட்டில் ஒரு கள்ளமும் இருந்தது. முதற் பிரிவில் ஜுரம் மிகுந்த காலங்களில், நோய்கண்ட தாய்மாரைப் பிரசவ சாலையிலிருந்து பொது ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே அவர்கள் இறப்பார்கள். மரணம் பொது ஆஸ்பத்திரியின் ஏட்டில் பதிவாகும். பிரசவ சாலையின் ஏட்டில், உயிரோடு வெளியே போனவளாக அவள் நிற்பாள். இரண்டாம் பிரிவிலோ இப்படி மாற்றுவது மிக அரிது. எனவே மேலே நாம் கொடுத்த எண்கள் உள்ளதைவிடக் குறைந்தவை. இரு பிரிவுகளுக்குமிடையே இருந்த வித்தியாசம் ஏடு காட்டியதைவிடப் பெரியது. நஷ்டத்தைப் பக்கத்துக் கடையின் பேரேட்டில் எழுதிவிட்டுத் தன் கடைக்கு லாபம் காட்டும் கணக்குப்பிள்ளையை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? வியன்னாவில் அதற்கு வைத்திய நிர்வாகம் என்று பெயர். ஸெம்மல்வைஸ் இந்த மாற்றல்களைக் கண்டுகொண்டு, அவற்றையும் சேர்த்தே கணக்கிடவேண்டும் என்று பிற்காலத்தில் தமது நூலில் வற்புறுத்தினார்.

அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். இரண்டாம் பிரிவில் பெண்களை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிரசவம் பார்க்கிறார்களென்று அறிந்து, முதற் பிரிவிலும் அவ்வாறே செய்தார். பயனில்லை. சாகும் தறுவாயிலுள்ளவளுக்கு அந்திமக் கிரியை செய்யப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதற் பிரிவின் வார்டுகளினூடே போவது வழக்கம். அம்மணியோசை கேட்டு மற்றப் பெண்கள் நடுங்குவார்கள். பாதிரியாரை மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார். அதற்கும் பயனில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பிணவறைக்குச் சென்று, முந்திய நாள் இறந்த தாய்மாரின் உடல்களை அறுத்துப் பரிசோதித்துவிட்டு, அதன் பிறகு வார்டுக்குப் போவார். உழைப்பில் அவரை மிஞ்சியவர் அங்கு இல்லை.

1847 மார்ச்சில் அவர் சில வாரம் ஓய்வுக்காக வெனிஸ் நகரம் போயிருந்தார். திரும்பி வந்ததும், தமது அருமை நண்பரும் நீதி வைத்தியப் பேராசிரியருமான கொல்லெட்ஷ்கா இறந்துபோன செய்தி காத்திருந்தது. பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனுடைய கத்தி பேராசிரியரின் விரலில் பட்டுவிட்டது. அதிலிருந்து விஷம் ஏறி இறந்தார். நண்பருடைய பிரேத பரிசோதனைக் குறிப்பை வாசித்த ஸெம்மல்வைஸ் திடுக்கிட்டார். நூற்றுக்கணக்கான தாய்மாரின் உடலில் தாம் கண்ட அதே சின்னங்கள் இங்கும் இருந்தன. நோய் ஒன்றேயானால் காரணமும் ஒன்றாகவேண்டும். கொல்லெட்ஷ்காவின் உடலில் பிணத்தின் நஞ்சைப் புகுத்தியது கத்தி. தாய்மாரின் உடலில் புகுத்தியது எது? பிணவறையிலிருந்து நேரே வார்டுக்கு வரும் வைத்தியனின் கை. மருத்துவச்சி மாணவிகள் பிணம் அறுப்பதில்லை; அவர்களுடைய பிரிவில் சாவு குறைந்ததற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அவ்வாண்டு மே மாத நடுவில், குளோரின் கலந்த நீரில் கைகழுவாமல் ஒருவரும் கர்ப்பிணியைத் தொடக்கூடாதென்று உத்தரவிட்டார். பிறகு விலை மலிவான குளோரின் சுண்ணாம்பை, அதாவது இக்காலத்தில் நாம் கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை, அதற்கு உபயோகித்தார். ஏப்ரல் மாதத்தில் 312 பிரசவங்களில் 57 தாய்மார் இறந்திருந்தனர். ஜூனில் 268 பிரசவங்களில் இறந்தவர் 6. ஜூலையில் 250-க்கு 3. மறு ஆண்டாகிய 1848 முழுவதும் 3,556 பிரசவங்களில் 45 மரணம். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருத்தி கூட இறக்கவில்லை.

இடையில் ஒரு விபரீதமும் நேர்ந்தது. 1847 அக்டோபரில் கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்ட ஒருத்தி முதற் படுக்கையில் இருந்தாள். வைத்தியர்கள் அவளைச் சோதித்துவிட்டு, வெறும் சோப்பினால் கைகழுவிக்கொண்டு மற்றவர்களைச் சோதித்தார்கள். அச்சமயம் பிரசவித்த பன்னிருவரில் பதினொருவர் மாண்டார்கள். பிணம் மாத்திரமல்ல, உயிரோடுள்ளவரின் அழுகிய புண்ணும் அதே நஞ்சைத் தரும் என்று இதனால் அறிந்து, ஒருத்தியைச் சோதித்த பின் மற்றொருத்தியைத் தொடுமுன் மீண்டும் கைகழுவ வேண்டுமென்று விதியைக் கடுமையாக்கினார். இந்தப் பதினொரு மரணங்களையும் அவர் மறைக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். தமது கொள்கைக்குப் பழுது என்று எதிரிகள் சொல்லக்கூடிய ஒன்றைத் தாமே எழுதிவைத்தார். அதிலிருந்தே அடுத்த பாடத்தைக் கற்றார்.

பழைய ஏடுகளையும் புரட்டினார். 1784-ல் ஆஸ்பத்திரி தொடங்கியது முதல் 1822 வரை பிரசவித்தோர் 71,395, இறந்தோர் 897, 100-க்கு 1.25 தான். அக்காலத்தில் தலைமை வகித்த போயர் என்பவர் பிணங்களைக் கொண்டு பிரசவ சாஸ்திரம் கற்பிக்க மறுத்து, தோலால் செய்த பதுமையைக் கொண்டு கற்பித்தவர். 1823-ல் கிளைன் பதவிக்கு வந்தார். பிணங்களைக் கொண்டு கற்பிக்கலானார். அது முதல் 1840 வரை 28,429 பிரசவங்களுக்கு 1,509 மரணம். 100-க்கு ஐந்துக்கு மேல். கால் நூற்றாண்டுக் காலமாக இந்த எண்கள் அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தன.

இதனால் விளைந்த மனவேதனையை நாம் எளிதில் ஊகிக்கலாம். வேறு எவரையும்விட அதிகமாகப் பிணப்பரிசோதனை செய்தவர் ஸெம்மல்வைஸே. தம் கையால் எத்தனை தாய்மார் அகாலத்தில் மடிந்தார்களோ, அது கடவுளுக்குத்தான் வெளிச்சம் என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஜெர்மனியில் கீல் நகரத்துப் பேராசிரியர் மிக்கேலிஸ் என்பவருக்கு இச்செய்தி எட்டியபோது, தம்மிடம் பிரசவித்து இறந்துபோன நெருங்கிய உறவுப் பெண்ணைத் தாமே கொன்றுவிட்டோம் என்று உணர்ந்தார். தமது ஆஸ்பத்திரியில் கைகழுவும் முறையை உடனே ஏற்படுத்தினார். ஆயினும் மனம் ஆறாமல் 1848-ல் ரயிலின் முன் பாய்ந்து உயிர் நீத்தார். உண்மையை ஏற்பது யோக்கியனுக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு இவர் உதாரணம். மற்றப் பேராசிரியர்கள் பலர் அதை ஏற்காமலிருப்பதே சௌகரியம் என்று கண்டார்கள்.

ஆயினும் வியன்னாவிலேயே ஒரு நல்ல வழி திறந்திருந்தது. அதுவே இச்சரித்திரத்தில் நாம் முக்கியமாகக் கருதும் கட்டம். ஸெம்மல்வைஸின் ஆசானும் பெரும் புகழ் படைத்த வைத்தியருமான ஸ்கோடா, 1849 ஜனவரியில் வைத்தியப் பேராசிரியர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு கமிட்டி நியமிக்கவேண்டும். அது மாதவாரியாகப் பிரசவங்களையும் மரணங்களையும் அட்டவணைப்படுத்தவேண்டும். அந்தந்தக் காலத்தில் வேலை பார்த்த உதவி வைத்தியர்கள், மாணவர்கள் இன்னார் என்பதையும், அவர்கள் எவ்வளவு தூரம் பிணப்பரிசோதனையில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதவேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. எவரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. எவருடைய உத்தியோகத்தையும் பறிக்கச் சொல்லவில்லை. சபை அதைப் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டது. கிளைன் மந்திரி இலாகாவுக்கு முறையிட்டார். இலாகா கமிட்டியைத் தடுத்துவிட்டது. வழக்கு விசாரணைக்கு வருமுன்பே தள்ளுபடியாயிற்று.

அரசியல் நிலைமையும் கிளைனுக்கு அனுகூலமாயிருந்தது. 1848-ல் ஐரோப்பா எங்கும் மூண்ட சுதந்திரக் கிளர்ச்சி வியன்னாவையும் உலுக்கியது. ஹங்கேரியர்கள் கொசூத்தின் தலைமையில் ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். 1849-ல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் படை உதவியுடன் ஹங்கேரி அடக்கப்பட்டது. இப்படிப்பட்ட காலத்தில், சக்கரவர்த்தியின் ஆஸ்பத்திரி ஏடுகள் பொய் பேசுகின்றன என்று சொல்லும் ஹங்கேரிய வைத்தியனுக்கு யார் செவிசாய்ப்பார்கள்? 1849 மார்ச்சில் அவருடைய உத்தியோக காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. நெடுநாள் மனுப்போட்டபின் 1850 அக்டோபரில் கற்பிக்கும் அனுமதி மாத்திரம் கிடைத்தது; அதுவும் பதுமையைக் கொண்டே கற்பிக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன். சில தினங்களுக்குள், தமக்காகப் போராடிய நண்பர்களிடங்கூடச் சொல்லாமல் ஸெம்மல்வைஸ் வியன்னாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். ஸ்கோடா இதை மன்னிக்கவில்லை. நாமும் இதை ஒரு பிழையென்றே கருதுகிறோம்; களத்தில் நிற்கவேண்டியவர் நிற்கவில்லை.

பெஸ்த் நகரில் புனித ரோக்கஸ் ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியை 1851-ல் சம்பளமின்றி ஏற்றுக்கொண்டார். ஆறு ஆண்டுகளில் 933 பிரசவங்களுக்கு, ஜுரத்தால் இறந்தவர்கள் எண்மரே. 1855-ல் பெஸ்த் சர்வகலாசாலைப் பேராசிரியரானார். அங்கு மீண்டும் மரணம் தலைகாட்டியபோது ஏட்டைப் பார்த்தார், பிறகு படுக்கையைப் பார்த்தார்; சரியாக வெளுக்காத துப்பட்டிகள் இரத்தக் கறையும் துர்நாற்றமுமாக வந்துகொண்டிருந்தன. மேலதிகாரிகளுக்கு எழுதினார், பதிலில்லை. கடைசியில் அந்தத் துப்பட்டிகளையே எடுத்துக்கொண்டுபோய் அதிகாரியின் முன் விரித்துவிட்டார். காகிதம் செய்யாத வேலையை நாற்றம் செய்தது.

1861-ஆம் ஆண்டு தேதியிட்டு அவருடைய பெரிய நூல் ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. 1847-ல் கண்ட உண்மையைப் புத்தகமாக்கப் பதினான்கு ஆண்டு தாமதித்தது அவர் குற்றமே. நூலும் சுருக்கமானதன்று, அட்டவணைகளும் வாதங்களும் நிரம்பியது. ஐரோப்பாவின் பெரும்புள்ளிகள் அதை ஏற்கவில்லை. அதன்மேல் அவர் பகிரங்கக் கடிதங்கள் எழுதலானார். பேராசிரியர்களைப் பெயர் சொல்லி அழைத்து, கொலைகாரர்கள் என்றே தூற்றினார். அக்கடிதங்களில் உண்மை இருந்தது. ஆனால் அவற்றால் ஒரு தாயாவது பிழைத்திருப்பாளா என்பது சந்தேகம். அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து வைத்தியர் கார்டனுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. அவர் 1795-ல், நோயாளிகளின் பட்டியலோடு அவர்களுக்குப் பிரசவம் பார்த்தவர்களின் பெயர்களையும் அச்சிட்டார்; தாமும் நோயைச் சுமந்து சென்றவரே என்று ஒப்புக்கொண்டார். ஊரார் கொதித்தார்கள், அவர் ஊரை விட்டு மறுபடியும் கப்பற்படை வேலைக்குப் போனார். பெயரை ஊரறியச் சொன்னால் சொன்னவனை விரட்டுகிறார்கள். சொல்லாமலிருந்தால் தாய்மார் சாகிறார்கள். இந்தச் சிக்கலை ஸெம்மல்வைஸின் கோபத்தால் அவிழ்க்க முடியவில்லை. ஸ்கோடா கேட்ட கமிட்டி அவிழ்த்திருக்கக்கூடும்.

இதை நாம் ஊகமாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1889-ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிக்கவேண்டிய தொற்று நோய்களின் ஜாபிதாவில் பெரியம்மை, காலரா இவற்றோடு பிரசவ ஜுரத்தையும் சேர்த்தது. அறிவிக்கும் வைத்தியருக்குச் சன்மானம் இரண்டரை ஷில்லிங். அறிவிக்கத் தவறினால் நாற்பது ஷில்லிங் வரை அபராதம். அப்படியும் வேறு நோயின் பெயரை எழுதித் தப்பித்துக்கொண்ட வைத்தியர்கள் பலர். தம் கைக்கே பழி வருமென்றால் எவனுக்குத்தான் பேனா ஓடும்? 1952-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேறு முறை ஏற்பட்டது. ஒவ்வொரு தாயின் மரணமும் நிபுணர்களால் இரகசியமாக விசாரிக்கப்படும். தாயின் பெயரும் வைத்தியரின் பெயரும் வெளிவராது. தவறு எங்கே நேர்ந்தது, எதைச் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது மாத்திரம் அறிக்கையாக அச்சிடப்படும். வைத்தியர்கள் பேசத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் 1997 முதல் தாய்மார் மரணத்தை அறிவிப்பது சட்டப்படி கட்டாயமாயிற்று.

நமது தமிழ்நாட்டிலும் 1990-களிலிருந்து இத்தகைய தணிக்கை நடந்து வருகிறது. 2004-ல் சர்க்கார் உத்தரவினால் அது உறுதிப்பட்டது. மரணம் நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பது முறை. 2001-03-ல் லட்சம் பிரசவத்துக்கு 134-ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20-ல் 54-ஆக இறங்கியது. அதே காலத்தில் இந்தியா முழுவதற்கும் 97. அறிவிப்பு ஒன்றினாலேயே இது நேர்ந்தது என்று நாம் சொல்லமாட்டோம். இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அங்கு விழித்திருக்கும் நர்ஸுகளும் இதற்குக் காரணம். எனினும் எங்கே நர்ஸு வேண்டும், எங்கே ரத்தம் வேண்டும், எங்கே வண்டி வேண்டும் என்பதை இறந்தவளின் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. ஒரு பிரசவ விடுதியில் இரத்தப்போக்கு மிஞ்சியதும் தாயை வண்டியில் ஏற்றிச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால், அவள் வழியில் இறந்தால் யார் கணக்கு? ஆஸ்பத்திரி வாசலில் இறந்தால் யார் கணக்கு? வியன்னாவின் பழைய தந்திரத்துக்கு இடங்கொடாத சட்டமே சட்டம். அவளை முதலில் தொட்டவரும், நடுவில் அனுப்பியவரும், கடைசியில் பெற்றுக்கொண்டவரும் தனித்தனியே அறிவிக்கவேண்டும். பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை நேரும் மரணமும் தாய்மார் மரணம் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் இலக்கணம். எனவே வீட்டுக்குப் போய்விட்டாள் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட முடியாது. 2023-ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 2,60,000 தாய்மார் இவ்வாறு இறந்தனர் என்று அதே ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. மதிப்பிட்டிருக்கிறது என்றுதான் சொல்லமுடிகிறது. பல தேசங்களில் எண்ணுவார் இல்லை.

ஸெம்மல்வைஸின் முடிவைச் சொல்லவேண்டும். 1860-க்குப் பின் அவருடைய புத்தி நிலை தடுமாறத் தொடங்கிற்று. வீதியில் காண்போரிடமெல்லாம் பிரசவ ஜுரத்தைப் பற்றியே பேசுவார் என்கிறார்கள். 1865 ஜூலை இறுதியில், புதிய சிகிச்சைக்கென்று சொல்லி அவரை வியன்னாவுக்கு அழைத்துப்போனார்கள். ரயிலடியில் எதிர்கொண்டவர் பழைய நண்பர் ஹெப்ரா. 1847-ல் ஸெம்மல்வைஸின் கண்டுபிடிப்பை முதன்முதல் பத்திரிகையில் வெளியிட்டவர் அவரே. அவரே இப்போது நண்பரைப் பைத்திய ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பினார். உள்ளே என்ன நடந்ததென்று ஒருவரும் வெளியே சொல்லவில்லை. இரண்டு வாரத்தில், ஆகஸ்டு 13-ஆம் தேதி, தமது 47-ஆவது வயதில் ஸெம்மல்வைஸ் இறந்தார். பிரேத பரிசோதனையில் கை விரலில் அழுகிய புண்ணும், உடலில் பல காயங்களும், இரத்தத்தில் விஷம் பரவியதும் காணப்பட்டன. காவலர்கள் அடித்த அடியே காரணம் என்று, நூறாண்டுக்கு மேல் கழித்து ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்தவர்கள் கருதுகிறார்கள். அதுவரை அந்த மரணத்துக்கும் எவரும் பதில் சொல்லவில்லை.

அவர் இறப்பதற்கு முந்திய நாள், அதாவது ஆகஸ்டு 12-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் லிஸ்டர் என்னும் ரண வைத்தியர், வண்டியேறிக் கால் முறிந்த பதினொரு வயதுப் பையனின் காயத்துக்குக் கார்பாலிக் திராவகத்தில் தோய்த்த துணியைக் கட்டினார். புண் அழுகாமல் ஆறிற்று. ஸெம்மல்வைஸின் பெயரை லிஸ்டர் அப்போது கேட்டதுகூட இல்லை. 1879-ல் பாரிஸில் பாஸ்டர், பிரசவ ஜுரத்தை உண்டாக்கும் கிருமியின் உருவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1891-ல் ஹங்கேரியர்கள் தங்கள் வைத்தியரின் எலும்புகளை வியன்னாவிலிருந்து புதாபெஸ்துக்குக் கொண்டுவந்தார்கள். தாபான் பேட்டையில் அவர் பிறந்த வீட்டின் சுவரிலேயே அவை இன்று வைக்கப்பட்டிருக்கின்றன.